ஒரே பக்கத்தில் ஓர் ஆய்வறிக்கை: ஆக்சுவரி வேலைக்கான சுயவிவரம்

மாணவர்களே, கூடுதல் கணிதத்தில் ஆர்வம் உள்ள உங்களில் சிலர் ‘ஆக்சுவரி’ என்ற வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இனி நடக்கக்கூடிய இழப்பை இப்போதே கணக்கிட்டு, காப்புறுதி நிறுவனம் எவ்வளவு சந்தா வாங்க வேண்டும், எவ்வளவு பணத்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களே ஆக்சுவரிகள்.

இந்தக் கணக்குக்கு வயது அதிகம். வால்நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹேலி, பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1693-இல் ஓர் ஆயுள் அட்டவணை வெளியிட்டார். அதில் 20 வயதில் 598 பேர் இருக்கிறார்கள்; 21 வயதில் 592 பேர். ஓராண்டில் 6 பேர் குறைகிறார்கள். இந்த 598 பேரும் ஒரு காப்புறுதித் திட்டத்தில் சேர்ந்து, இறப்பவர் குடும்பத்துக்குத் தலா 1,000 வெள்ளி தருவதாக வைத்துக்கொள்வோம். தேவைப்படும் தொகை 6,000 வெள்ளி. அதை 598 ஆல் வகுத்தால், ஒருவர் கட்ட வேண்டியது ஏறக்குறைய 10 வெள்ளி 3 காசு. வட்டி, நிர்வாகச் செலவு, எதிர்பாராத ஆண்டுகள் எல்லாம் பிறகு சேரும். யார் அந்த 6 பேர் என்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் கணக்கு நிற்கிறது.

இப்படிப்பட்ட வேலைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி மாணவரின் சுயவிவரத்தைப் படிப்பவரும் இப்படியே சிந்திப்பவர்தான். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி, கையில் இருக்கும் தரவை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார். காப்புறுதி நிறுவனத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு பக்கத் தாள்தான் பேச வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் நினைவிருக்கிறதா? உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு. “செடி வாடியிருக்கிறது” என்பது உற்றறிதல். “நீர் ஊற்றவில்லை” என்பது ஊகம். பல சுயவிவரங்கள் ஊகங்களால் நிரம்பி வழிகின்றன. ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாகச் செயல்படுபவர்’, ‘கணிதத்தில் பேரார்வம் கொண்டவர்’ என்பவை எல்லாம் படிப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகள். எழுதுபவர் தர வேண்டியது உற்றறிந்த செய்தி மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஈராண்டுகளாக வார இறுதியில் மினி மார்க்கெட்டில் காசாளராக வேலை செய்கிறார். ஆக்சுவரி வேலைக்கும் கல்லாப்பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று அதைச் சுயவிவரத்தில் எழுதாமல் விடுகிறார். அதற்குப் பதில் ‘பொறுப்பானவர்’ என்று எழுதுகிறார். இது தலைகீழ். “2 ஆண்டுகள், வாரம் 12 மணி நேரம் காசாளர் பணி, ஒவ்வொரு இரவும் விற்பனைக் கணக்கைச் சரிபார்த்து ஒப்படைத்தேன்” என்று எழுதினால், பொறுப்பு என்ற சொல்லே தேவையில்லை. படிப்புச் செலவுக்காக உழைத்ததை மறைக்க வேண்டியதும் இல்லை.

அடுத்தது தேர்வுகள். பட்டம் மட்டும் ஒருவரை ஆக்சுவரி ஆக்கிவிடாது. அமெரிக்காவின் ஆக்சுவரிகள் சங்கமும் பிரிட்டனின் ஆக்சுவரிகள் கழகமும் நடத்தும் தொழில்முறைத் தேர்வுகளைப் படிப்படியாக முடிக்க வேண்டும். அமெரிக்க வழியில் தொடக்கத்தில் வருபவை ‘பி’ எனும் நிகழ்தகவுத் தேர்வும் ‘எஃப்எம்’ எனும் நிதிக் கணிதத் தேர்வும். கல்லூரியில் படிக்கும்போதே இவற்றை எழுதலாம். படிவம் 5-இல் நீங்கள் படிக்கும் வரிசைமாற்றம், சேர்மானம், நிகழ்தகவுப் பரவல் ஆகியவை முதல் தேர்வுக்கு அடித்தளம். ஆகவே அந்தப் பாடங்களை எஸ்பிஎம் முடிந்ததும் மறந்துவிடாதீர்கள்!

சுயவிவரத்தில் இத்தேர்வுகள் பெயருக்குக் கீழே, கண்ணில் படும் இடத்தில் வர வேண்டும். எந்தத் தேர்வு, எந்த மாதம், எந்த ஆண்டு என்று எழுத வேண்டும். பதிவு செய்து இன்னும் எழுதாத தேர்வையும் சேர்க்கலாம், ஆனால் ‘எழுதவிருக்கிறேன்’ என்று தேதியோடு. சில பல்கலைக்கழகப் பாடங்களுக்கு பிரிட்டன் கழகம் விலக்கு அளிக்கிறது. விலக்கு பெற்றதைத் தேர்ச்சி என்று எழுதக் கூடாது. தேர்வு முடிவுகளைச் சரிபார்ப்பது எளிது. அப்படிச் சரிபார்த்துப் பொய் என்று தெரிந்தால், மற்ற எல்லா வரிகளின் மீதும் ஐயம் விழும். இடரை அளப்பதே தொழிலாக உள்ளவர்கள் அந்த இடரை ஏற்பார்களா?

கணினித் திறனிலும் இதே கதைதான். ‘எக்செல் தெரியும்’ என்றால் என்ன பொருள்? என் கருத்தில் ஒன்றும் இல்லை. “ஹேலியின் அட்டவணையை எக்செலில் உள்ளிட்டு, ஒவ்வொரு வயதுக்கும் ஓராண்டுச் சந்தாவைக் கணக்கிட்டேன்” என்பதில் பொருள் இருக்கிறது. ஆர், பைத்தான், எஸ்கியூஎல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அதைக் கொண்டு செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும்.

மற்றவை சுருக்கமாக: மாணவருக்கு ஒரு பக்கம் போதும். அண்மையில் செய்தது முதலில் வரட்டும். வண்ணக் கட்டங்களும் ஐந்து நட்சத்திரக் குறிகளும் வேண்டாம். மதிப்பெண் சராசரி நன்றாக இருந்தால் எழுதலாம். எழுத்துப்பிழையை இன்னொருவர் பார்க்கட்டும். நம் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

இந்த வாரப் பயிற்சி. ஒரு தாளில் இரு பத்திகள் வரையுங்கள். இடப்பக்கம் உங்களைப் பற்றி நீங்கள் நினைக்கும் ஐந்து பண்புகள். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் நேராக, கடந்த ஓராண்டில் நீங்கள் உண்மையில் செய்த ஒரு செயல். அதில் ஓர் எண் இருக்க வேண்டும். பள்ளிக் கூட்டுறவுக் கடையில் நின்ற மணி நேரம், தம்பிக்குக் கணிதம் சொல்லித்தந்த வாரங்கள், அறிவியல் விழாவுக்காகத் திரட்டிய தரவுகளின் எண்ணிக்கை என எதுவாகவும் இருக்கலாம். முடித்ததும் இடப்பக்கத்தை மடித்து மறைத்து, வலப்பக்கத்தை மட்டும் நண்பரிடம் கொடுங்கள். அவர் எந்தப் பண்புகளை ஊகிக்கிறார் என்று பாருங்கள். வெறுமையாக இருக்கும் வரிகளை நிரப்ப உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.