நீலக் குறி விழுந்தும் பதில் இல்லையா?

வாட்ஸ்அப்பில் நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டன. பதில் மட்டும் வரவில்லை. 'என்மேல் என்னவோ கோபம்' என்று மனம் கதை கட்டத் தொடங்கும். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1955இல் தொடங்கிய சிகிச்சை முறை இங்கேதான் கை வைக்கிறது: நடந்தது ஒன்று, அதைப் பற்றி நாம் நினைத்துக்கொள்வது வேறொன்று. நம்மை வாட்டுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம், கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் எழுதுங்கள். 'பதில் வரவில்லை', அவ்வளவுதான். 'மதிக்கவில்லை' என்பது வலப்பக்கம். அதற்குக் கீழே வேறு மூன்று காரணங்கள்: வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம்; குழந்தை போனைத் திறந்திருக்கலாம்; யோசித்துச் சொல்லலாம் என்று வைத்திருக்கலாம். மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்கும்.

'எப்போதுமே', 'யாருமே', 'கட்டாயம்' என்ற சொற்கள் வந்தால் அடிக்கோடிடுங்கள். எல்லிஸ் முக்கியமாகக் குறிவைத்தது 'கட்டாயம்' என்பதைத்தான்.

இதை மனசுக்குள்ளேயே செய்து பார்க்காதீர்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். இரவு 11 மணிக்கும் வேண்டாம். உண்மையிலேயே அவருக்குக் கோபம்தானோ? காலையில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.