வலி மாத்திரையும் இருதயமும்

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுதும் மிதி மிதிப்பவருக்கு இடுப்பு வலியும், நடவிலும் களையெடுப்பிலும் குனிந்தே நிற்பவருக்கு முதுகு வலியும் புதியவையல்ல. வலி பொறுக்க முடியாதபோது, ஒருவருக்கு வைத்தியர் எழுதித் தந்த பலமான மாத்திரையை மற்றொருவர் வாங்கி விழுங்கும் வழக்கம் தாம்பரம் வட்டாரத்து அங்கத்தினரிடையேயும் உண்டு. ஆகவே அத்தகைய மாத்திரைகளுள் ஒரு வகையைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம்.

அபினியிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளும், அதன் குணத்தை ஒட்டி இரசாயன முறையில் செய்யப்படுபவையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மார்ஃபின், மெத்தடோன், டிரமடால், டேப்பெண்டடால், புப்ரினார்ஃபின் என்பன இவற்றுட் சில. அளவு மீறினால் இவை மூச்சை அடக்கும் என்பதைப் பலரும் அறிவர். சில மருந்துகள் இருதயத் துடிப்பின் ஒழுங்கையும் கெடுக்கும் என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இருதயத் தசை மின்னோட்ட நிலையில் பழையபடி மீண்டு, அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக வேண்டும். பாவு பிரியுமுன் நாடாவை எறிந்தால் இழை அறுபடுமன்றோ? அதுபோலவே, மீளும் நேரம் நீண்டுவிட்டால் அடுத்த துடிப்பு தாறுமாறாகிறது. மயக்கம் வரும், சிலருக்குத் திடீர் மரணமும் நேரும். இ.சி.ஜி. படத்தில் இந்நேரத்தைக் கியூ.டி. இடைவெளி என்பர். துடிப்பின் வேகத்திற்கேற்பத் திருத்திய அளவு 500 மில்லி வினாடியைத் தாண்டினால் அபாயம் மிகும்.

டெக்ஸ்ட்ரோபிராப்பாக்ஸிஃபீன் என்ற மருந்து பல்லாண்டுகள் சாதாரண வலி மாத்திரையாகவே விற்கப்பட்டது. வழக்கமான அளவிலேயே அது இருதயத்தின் மின்னோட்டத்தை மாற்றுவதாகத் தெரிந்தமையால், 2010 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனையினின்று விலக்கப்பட்டது. நம் அரசாங்கம் 2013 மே மாதத்தில் அதன் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தி வைத்தது.

மெத்தடோனின் கதை வேறு. அபின் வகைப் பழக்கத்தினின்று மீட்பதற்கும், கடும் வலிக்கும் அது பயன்படுகிறது. மிக அதிக அளவில் உட்கொண்ட 17 பேருக்கு இவ்வித இருதயக் கோளாறு நேர்ந்ததை அமெரிக்க வைத்தியர்கள் 2002இல் வெளியிட்டனர். இம்மருந்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. வலி தணிப்பு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மருந்தோ ஒரு நாளுக்கு மேலும் உடலில் தங்கும். வலி திரும்பியதென்று மேலும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்பவர் அறியாமலே அளவைக் கூட்டுகிறார்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928இல் தோற்றுவித்த தாம்பரம் சானடோரியம் பின்னர் அரசாங்க நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று, காசநோய்க்கும் எச்.ஐ.வி. நோய்க்கும் அங்குச் சிகிச்சை பெறுவோர் ஏராளம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரப்படும் பெடாகுயிலின், மாக்ஸிஃப்ளாக்ஸசின், குளோஃபாசிமின் ஆகியவையும் இதே இடைவெளியை நீட்டுவன. அவற்றோடு மெத்தடோன் சேர்ந்தால் அபாயம் கூடும். ரிஃபாம்பிசினோ மெத்தடோனை உடலிலிருந்து விரைவில் போக்கிவிடும். அதை நிறுத்தியதும் மெத்தடோனின் அளவு ஏறும். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் அதனை ஏற்றும். ஒரு வைத்தியர் தருவதை மற்றவர் அறியாவிடில் பிழை எளிதில் நேரும்.

டேப்பெண்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் கேட்டைப் பற்றிச் சென்னைப் புறநகர்ச் செய்திகளில் காண்கிறோம். அழுக்கு ஊசி வழியே புகும் கிருமிகள் இருதய வால்வுகளில் குடியேறி அவற்றை அரித்துவிடும். வாலிபப் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதை அறிந்திருப்பது நலம்.

இவ்வளவும் சொன்னதால், புற்றுநோயாளிக்கு மார்ஃபின் தர எவரும் அஞ்ச வேண்டாம். அது இவ்விடைவெளியைப் பெரிதும் பாதிப்பதில்லை. புப்ரினார்ஃபினும் மெத்தடோனை நோக்கச் சாதுவானது. உயிர் வாதைப்படுபவருக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்கவே 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பயத்தினால் அதை மறுப்பது கொடுமை என்பது நம் கருத்து.

மெத்தடோன் தொடங்குமுன்னும், அளவு கூடும்போதும் இ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முன்பு மயங்கி விழுந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்பதையும் சொல்லுங்கள். பேதி கண்டால் பொட்டாசியம் உப்பு குறைந்து துடிப்பு கெடும், அப்போதும் தெரிவியுங்கள். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தவேண்டாம். வைத்தியர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.