பலெர்மோவில் குளிர்கால நடை: நீர்ப்பறவைப் படம் எடுக்க 12 குறிப்புகள்

சிசிலியில் கோடை கடற்கரைக்கு என்றால், நவம்பர் முதல் பெப்ரவரி வரை நீர்நிலைகளுக்கு. வடக்கே ஏரிகள் உறையத் தொடங்கியதும் வாத்துகளும் நீர்க்காகங்களும் இந்தத் தீவைத் தேடி வந்துவிடும். பலெர்மோவில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்குக் கிடைக்கும் ஓய்வோ ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் பிற்பகலும்தான். அந்த நேரத்துக்குள் மூச்சு வாங்காமல் நடந்து, நல்ல படங்களோடு வீடு திரும்பச் சில வழிகள் இதோ.

1. முதலில் வெளிச்சத்தைக் கணக்குப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் பலெர்மோவில் காலை 7.20 அளவில் விடிந்து, மாலை 4.50 அளவில் சூரியன் மறைந்துவிடும். வியாழன் இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் கையில் இருப்பது மூன்று மணி நேரம்கூட இல்லை. அன்றைக்கு நகர எல்லைக்குள் நில்லுங்கள். தூரப் பயணத்தை ஞாயிறுக்கு வையுங்கள். ஒரு வசதியும் உண்டு: நம் சொந்த ஊரில் உச்சி வெயிலில் கமராவைத் தொட முடியாது. இங்கே குளிர்காலச் சூரியன் நண்பகலிலும் தாழ்வாகவே நிற்பதால் நாள் முழுவதும் சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும்.

2. வியாழன் பிற்பகலுக்கு ஏற்றது ஸ்ஃபெர்ராகவால்லோ. அங்கிருந்து பார்க்கரெல்லோ வழியாகக் காப்போ கால்லோ காப்பகத்துக்குள் கடலோரமாகத் தட்டையான பாதை போகிறது. மேற்குப் பார்த்த கரை என்பதால் மாலை வெயில் நேராக விழும். பாறைகளில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம், சரிவுகளில் குட்டைப் பனை, மேலே வல்லூறு என்று எடுக்க நிறைய உண்டு. காப்போ கால்லோ மலையின் மொண்டெல்லோ பக்கம் பிற்பகலில் நிழலாகிவிடும். அங்கே காலையில் போங்கள்.

3. சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்குப் போகும் நாளில் கமராவையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கோயில் இருக்கும் மொந்தே பெல்லெக்ரீனோ மலை 1995இல் இயற்கைக் காப்பகமானது. குகைக் கோயில் வரை பேருந்து போவதால் பெரியவர்களும் குழந்தைகளும் ஏறத் தேவையில்லை. மலைமேட்டில் ‘கொர்கோ’ என்று சொல்லும் குட்டை ஒன்று குளிர்கால மழையில் நிரம்பும். காற்றில்லாத நாளில் அதில் விழும் பிம்பமே ஒரு படம். சிற்றெழால் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதையும் இங்கே எளிதாகப் பார்க்கலாம்.

4. நடக்க முடியாதவர்களோடு போனால் பியானா தெல்யி அல்பனேசி. நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 1923இல் அணை கட்டி உருவான ஏரி. நாமக்கோழி, கொண்டை முக்குளிப்பான், சாம்பல் நாரை ஆகியவை வரும். கரையில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். நின்றுகொண்டிருக்கும் ஆளைக் கண்டு பறக்கிற பறவை, நிறுத்திய காரைக் கண்டு அஞ்சாது.

5. அரிசிப் பை செய்து வையுங்கள். தடித்த துணிப்பையில் ஒரு கிலோ அரிசியோ பயறோ போட்டு வாயைத் தைத்துவிட்டால் போதும். கார் ஜன்னலிலும் பாறையிலும் இதன் மேல் லென்ஸை வைத்தால் கை நடுக்கம் படத்தில் தெரியாது. காசு கொடுத்து முக்காலி வாங்க வேண்டியதில்லை.

6. காடும் குளமும் சேர்ந்து வேண்டுமானால் ஃபிகூட்சா. பூர்போன் அரசன் ஃபெர்டினாண்டின் வேட்டை மாளிகை இருக்கும் இந்தக் காடு பலெர்மோவுக்குத் தெற்கே, ரோக்கா புசாம்ப்ரா மலையடியில் உள்ளது. பழைய ரயில்பாதையில் நடக்கலாம். ரயில் ஏறுவதற்காக வெட்டிய வழி என்பதால் ஏற்றம் மெதுவாகவே இருக்கும். கொர்கோ லுங்கோ என்ற குளம் காலைப் பனிமூட்டத்தில் அழகு.

7. ஒரு முழு ஞாயிறு கிடைத்தால் திராப்பனி உப்பளம். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். திராப்பனி, பச்சேகோ உப்பளக் காப்பகம் ஏறத்தாழ 1,000 எக்டேர். 1995இல் அமைந்தது, டபிள்யூடபிள்யூஎஃப் நிர்வகிக்கிறது, ராம்சார் பட்டியலிலும் உண்டு. மன்னார் வங்காலைக்கும் கோடியக்கரைக்கும் வருகிற அதே பெரும் பூநாரை இனம்தான் இங்கும் நிற்கிறது. கோணமூக்கு உள்ளானும் கூட இருக்கும். உப்பு வாருவது கோடையில் என்பதால் குளிர்காலத்தில் பாத்திகளில் ஆள் நடமாட்டம் குறைவு. காலையில் வீதிப்பக்கம் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இறகின் நிறம் தெளிவாக வரும். மாலையில் அதே இடத்தில் காற்றாலையும் பூநாரையும் கறுப்பு உருவங்களாகும். மழைக்காக ஓடு வேய்ந்த உப்புக் குவியல்களையும் விட்டுவிடாதீர்கள்.

8. வென்டிகாரி காப்பகத்தை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நோட்டோ அருகே, தீவின் மறு மூலையில் இருக்கிறது. தட்டையான பாதையும் குளத்தோர மறைவுக் குடில்களும் உள்ளதால் புதியவர்களுக்குச் சிறந்த இடம். ஆனால் ஓரிரவு தங்கிப் போங்கள். அப்படியே சிராகூசா அருகே பிரியோலோ உப்பளத்தையும் பார்க்கலாம். சிசிலியில் பூநாரைகள் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது அங்கேதான், 2015இல்.

9. பாதைப் பலகையில் எழுத்தைப் பாருங்கள். ‘டி’ என்றால் எவரும் நடக்கலாம். ‘ஈ’ என்றால் மலைநடைப் பழக்கம் வேண்டும். ‘ஈஈ’ தேர்ந்தவர்களுக்கு மட்டும். குடும்பத்தோடு போகும்போது ‘டி’யைத் தாண்ட வேண்டாம்.

10. வேட்டைக் காலம் நினைவிருக்கட்டும். இத்தாலியில் பொதுவாக செப்டெம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை வேட்டைக்கு அனுமதி. செவ்வாயும் வெள்ளியும் எங்கும் வேட்டை கிடையாது. நமக்கு ஓய்வான வியாழனிலும் ஞாயிறிலும் உண்டு. ஆகவே அந்த நாட்களில் வேட்டை தடைசெய்யப்பட்ட காப்பகங்களுக்குள்ளேயே நடங்கள். வெளியே வயல் வழியாகக் குறுக்கே போக நேர்ந்தால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

11. கமராவுக்கு மூன்று விஷயம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கு மேல். வெள்ளை உப்பும் மின்னும் நீரும் கமராவை ஏமாற்றிப் படத்தை மங்கலாக்கும். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். கடலோரம் போய்வந்ததும் லேசாக நனைத்த மெல்லிய துணியால் கமராவின் உடலைத் துடையுங்கள், உப்பு தங்காது. கைபேசி மட்டும் இருந்தால் தொலைநோக்கியின் கண்பக்கத்தில் அதன் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள்.

12. பறவை சொல்வதைக் கேளுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் எல்லாம் ஒருமிக்கத் தலை நிமிர்த்தினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள், அப்படியே பின்வாங்குங்கள். குளிரில் ஒவ்வொரு முறை பறப்பதும் அவற்றுக்கு வீண் செலவு. ட்ரோன் பறக்கவிடாதீர்கள், பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். அடிபட்ட பறவையைக் கண்டால் காப்பக ஊழியரிடம் சொல்லுங்கள். ஃபிகூட்சாவில் லிப்பு என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் வனவிலங்கு மீட்பு நிலையம் இருக்கிறது. மனிதருக்கு ஆபத்தென்றால் 112. மழைக்கு மறுநாள் களிமண் பாதை வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு நிறமென்றால் பயணத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கள்.