படம் தெளிவில்லையா? பெட்டியைக் கழற்ற முன் கொஞ்சம் பொறுங்கள்



நமது லயங்களில் சில வீடுகளில் பின்பக்கம் புடைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் கொஞ்சம் மங்கினால் போதும், "பெட்டி பழசாப் போச்சு" என்று சொல்லி டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆட்டோக் கூலி ஒரு பக்கம், அரைப்பேர் போவது இன்னொரு பக்கம். கடையில் போட்டுப் பார்த்தால் படம் நன்றாகத் தெரியும்! கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டுக் கூரையில் இருக்கிறது. ஆகவே எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இம்முறை படிப்போம்.

முதலில் மூன்று கேள்விகள்

1. பக்கத்துக் காம்பிராவிலும் இதே நேரத்தில் இப்படித்தான் தெரிகிறதா? ஆம் என்றால் ஒளிபரப்பிலோ கரண்டிலோ குறை இருக்கலாம். பெட்டியில் கை வைக்க வேண்டாம்.

2. எல்லா அலைவரிசையும் கெட்டிருக்கிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்த அலைவரிசையைத் திரும்ப டியூன் பண்ணிப் பாருங்கள்.

3. டீ.வீ.டீ. பிளேயரையோ டிஷ் பெட்டியையோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரால் இணைத்தால் படம் எப்படி? அப்போது படம் தெளிவாக இருந்தால் படக்குழாய் நல்லது என்று அர்த்தம். கோளாறு அன்டெனாவில், அதன் வயரில், அல்லது பெட்டியின் டியூனரில்.

இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரு சதமும் செலவில்லை.

படம் சொல்லும் நோய்

காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்லை அல்லவா? படத்தின் கோளாறும் அப்படித்தான்.

அரிசி கொட்டியது போல் புள்ளி: அலை குறைவாக வருகிறது. அன்டெனா திரும்பியிருக்கும், வயர் அறுந்திருக்கும், அல்லது ஜொயின்ட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கரண்டை நிறுத்தி, பெட்டியின் பின்னால் உள்ள அன்டெனா பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உருண்டை வயரின் நடுக்கம்பியும் சுற்றிலும் உள்ள வலைக்கம்பியும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. ஒரு நூல் கம்பி முட்டினாலும் படம் போய்விடும்.

மழை நாளில் மட்டும் மங்கல்: தட்டை வயர் நனைந்தால் அலை குறையும். தகரத்தோடு ஒட்டிப் படுத்திருந்தாலும் குறையும். அதைத் தகரத்திலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். உருண்டை வயர் என்றால் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டி வரை வராது. டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பெருமழையில் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டதும் சரியாகிவிடும், டிஷ்ஷைத் திருப்ப வேண்டாம்.

ஒருவருக்குப் பக்கத்தில் நிழல் போல் இன்னொருவர்: இது மலைநாட்டுக்கே உரிய தொல்லை. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஆரம்பித்தபோது, பிதுருதலாகல மலை உச்சியில்தான் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் வைத்தார்கள். 2,524 மீற்றர் உயரமான மலை அது. ஆனாலும் இடையில் ஒரு குன்று மறைத்தால் நேர் அலை குறையும். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் பிந்தி வரும். திரையில் படம் இடமிருந்து வலமாக வரையப்படுவதால், பிந்தி வந்த படம் வலப்பக்கம் நிழலாக விழும். 21 அங்குலப் பெட்டியில் நிழல் 1 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால், அந்த அலை ஏறக்குறைய 400 மீற்றர் அதிகமாகச் சுற்றி வந்திருக்கிறது என்று கணக்கு. இதற்குப் பெட்டியை ரிப்பேர் பண்ணிப் பயனில்லை. அன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். குட்டைக் குழாய்கள் உள்ள முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும், நீளக் குழாய் பின்னால் இருக்க வேண்டும். ஒருவர் திருப்ப, ஒருவர் திரையைப் பார்த்துச் சத்தம் கொடுத்தால் வேலை சுலபம்.

நிறம் இல்லாமல் கறுப்பு வெள்ளை: அலை குறைந்தால் முதலில் போவது நிறம்தான். டீ.வீ.டீ. போடும்போது மட்டும் நிறம் போனால், பெட்டியில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் பால், என்.டி.எஸ்.சி. என்று இருப்பதை மாற்றிப் பாருங்கள். நமது நாட்டு ஒளிபரப்பு பால் முறை. மஞ்சள் வயரை வெள்ளைத் துளையில் மாற்றிச் செருகினால் படமே வராது, அதையும் கவனியுங்கள்.

மூலையில் பச்சை, ஊதாத் திட்டு: பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் இருக்கும். அதன் காந்தம்தான் காரணம். ஸ்பீக்கரைத் தூரமாக வைத்து, பெட்டியை அரைமணி நேரம் நிறுத்தி ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். போடும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஒரு சுருள் அந்தக் காந்தத்தைக் கலைக்கும். இரண்டு மூன்று தடவையில் சரியாகும்.

படம் மேலும் கீழும் ஓடுதல்: பழைய பெட்டிகளின் பின்பக்கம் வீ-ஹோல்ட் என்று ஒரு சிறு திருகு இருக்கும். அதை மெதுவாகத் திருப்பினால் நிற்கும்.

நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு: உடனே நிறுத்துங்கள். அப்படியே ஓடவிட்டால் திரை அந்த இடத்தில் கருகிவிடும். இது பாஸ் பார்க்கவேண்டிய வேலை.

படம் சுருங்கினால் விளையாட்டில்லை

மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் லைட்டும் போடும் நேரம் படம் ஓரங்களில் சுருங்கினால், கரண்ட் குறைகிறது என்று பொருள். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். லயம் முழுக்க அப்படி என்றால் தோட்ட அலுவலகத்திற்கு எழுத்தில் அறிவியுங்கள்.

உங்கள் காம்பிராவில் மட்டும் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எங்கோ ஒரு ஜொயின்ட் தளர்ந்து சூடாகிறது. பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தி, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பிராவில் பிடித்த தீ அந்தக் காம்பிராவோடு நிற்காது. பத்துக் குடும்பத்தின் உடுப்பும், பிள்ளைகளின் புத்தகமும், பிறப்புச் சான்றிதழும் அதோடு போகும். ஆகவே சுருங்கிய படத்தை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாதவை

பெட்டியின் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். கலர் பெட்டியின் படக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கி நிற்கும். தூசு தட்டுவதென்றாலும் வெளியில் மட்டும்.

அன்டெனாக் கம்பத்தை மின்கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். எப்படிப் பார்ப்பது? கம்பம் சரிந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியில் முட்டாத தூரம் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். ஈரத் தகரத்திலும் காற்று நேரத்திலும் கூரையில் ஏற வேண்டாம். பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி அதிகம். வானம் கறுக்கும்போதே கரண்ட் பிளக், அன்டெனா வயர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொட வேண்டாம்.

யாருக்காவது கரண்ட் அடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். பிடித்தால் உங்களுக்கும் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரத்தடியால் வயரைத் தள்ளுங்கள். ஆனால் வெளியில் போகும் மின்கம்பியில் கம்பம் முட்டியிருந்தால் கிட்டவே போகாமல் மின்சார சபைக்கு அறிவியுங்கள். பிறகு 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பாஸிடம் போக வேண்டி வந்தால்

என்ன கோளாறு, எப்போது வருகிறது, டீ.வீ.டீ. போட்டால் எப்படி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விவரம் தெரிந்து பேசுகிறவரை ஏமாற்றுவது கஷ்டம். எவ்வளவு ஆகும் என்று முதலே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். படக்குழாயே தேய்ந்துவிட்டது என்றால் அந்தப் பெட்டிக்குக் காசு போட வேண்டாம்.

பெட்டி படம் பார்க்க மட்டுமல்ல. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையும் அதில்தான் வருகிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. மழைக்கு முன்பே அன்டெனாவையும் வயரையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.