இழைகளின் அடுக்கும் காவற்பக்கமும்

கணினியிலே ஒரு செய்நிரல் ஒரே வேளையிற் பல கருமங்களை ஆற்றவேண்டி நேரும்போது, அதனைப் பல இழைகளாகப் பகுத்து இயக்குவர். இழைகள் யாவும் ஒரே நினைவகத்திற் குடியிருப்பினும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் அடுக்கு உண்டு. ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்குந்தோறும், மீண்டுவரவேண்டிய இடமும், அழைக்கப்பட்ட செயற்கூற்றுக்குரிய மாறிகளும் அவ்வடுக்கில் வைக்கப்படும். பணி முடிந்ததும் நீங்கும்.

இவ்வடுக்கு எல்லையற்றதன்று. இழை தோன்றும்போதே அதன் உச்ச அளவு வகுக்கப்படுகின்றது. 64 பிற் லினக்ஸில் வழக்கமாக 8 மெகாபைற்று. விண்டோசில் 1 மெகாபைற்று. மாக் கணினிகளில் துணை இழைகளுக்கு 512 கிலோபைற்று. முடிவின்றித் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறோ, பேரளவினதாகிய அணியோ இவ்வெல்லையைக் கடத்தல் கூடும்.

கடந்தால் விளைவது யாது? அடுத்துள்ள இடம் வேறோர் இழையின் அடுக்காயிருப்பின், அதன் தரவுகள் ஓசையின்றி அழியும். குற்றஞ்செய்தது ஓர் இழை. வீழ்வது மற்றோர் இழை. ஆதலின் இத்தகைய பிழையின் வேரைக் கண்டறிதல் மிக அரிது.

வயலுக்கு வயல் வரம்பு கட்டுவதுபோல, அடுக்கின் முடிவிலே காவற்பக்கம் ஒன்றை இடுதல் இதற்குப் பரிகாரமாகும். அப்பக்கத்தைப் படிக்கவும் எழுதவும் அனுமதியில்லை. இழை அதனைத் தீண்டியதும் செயலி பணிசெயல் முறைமைக்கு அறிவிக்க, செய்நிரல் நிறுத்தப்படும். "செய்நிரல் நின்றுவிடின் அது காவலாகுமோ?" எனின், ஆகும். பழுதுற்ற தரவோடு தொடர்ந்தியங்கிப் பொய்யான விடை தருதலினும், பிழை நிகழ்ந்தவிடத்தே நிற்றல் நன்றன்றோ!

எனினும் வரம்பைத் தாண்டிக் குதிப்பாரும் உளர். காவற்பக்கம் பெரும்பாலும் 4,096 பைற்று அளவினது. எல்லையருகே நிற்கும் ஒரு செயற்கூறு 16,384 பைற்று அணியொன்றை ஒதுக்கி, அதன் கடைக்கோடியில் மட்டும் எழுதுமாயின், காவற்பக்கத்தைத் தீண்டாமலே அப்பாற் சென்றுவிடும். இவ்வழியாக முறைமைகளைக் கைப்பற்றலாமென்பதை 2017 இல் குவாலிஸ் நிறுவனத்தார் எடுத்துக்காட்டினர். அதன்பின், தானே வளரும் முதன்மை அடுக்குக்கு லினக்ஸ் விடும் காவல் இடைவெளி 1 மெகாபைற்றாகப் பெருக்கப்பட்டது. 2018 இல் வெளிவந்த ஜிசிசி 8 ஆம் பதிப்புத் தொகுப்பானும், பேரளவு இடம் ஒதுக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் தொட்டுச் செல்லும் வசதியைப் பெற்றது. அவ்வாறு செல்லுங்கால் காவற்பக்கத்தைத் தாண்டுதல் இயலாது.

மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கவை நான்கு:

1. பேரணிகளை அடுக்கில் வையாது, குவியல் நினைவகத்தில் வைத்தல்.
2. தன்னைத்தானே அழைக்கும் செயற்கூற்றுக்கு ஆழ எல்லை விதித்தல். இயலுமாயின் அதனைச் சுற்றுவளையமாக மாற்றுதல்.
3. அடுக்கின் அளவையும் காவற்பக்கத்தின் அளவையும் இழையை ஆக்கும்போதே தேவையறிந்து குறித்தல்.
4. அடுக்குக்கான இடத்தை நாமே ஒதுக்கிக் கொடுப்பின், காவற்பக்கத்தையும் நாமே இடுதல். பொசிக்ஸ் இழை நூலகம் அப்போது அதனை இடாது.

அடுக்கை வீணே பெருக்குதல் தீர்வாகாது. முடிவற்ற அழைப்புக்கு எவ்வளவு இடமும் போதாது. பல்லாயிரம் இழைகளை இயக்குமிடத்து முகவரி வெளியும் சுருங்கும். அளவறிந்து வகுத்தலும் எல்லையில் காவல் நிறுத்தலும் ஒருங்கே வேண்டும். ஓர் இழையின் பிழை அயல் இழையைக் கெடாவண்ணம் காத்தலே நற்செய்நிரலாளர்க்கு அழகாகும்.