கன்னே எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் தொடரில் கன்னே போர் வரும் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹானிபலின் குதிரைப்படைத் தலைவன் அங்கவடியில் காலூன்றி எழுந்து ஈட்டி எறிகிறான். கி.மு. 216-இல் கார்த்தேஜிடமும் அங்கவடி கிடையாது, ரோமிடமும் கிடையாது. ஹானிபலின் நுமிடியக் குதிரைவீரர்கள் கடிவாளம்கூட இல்லாமல் குதிரை ஓட்டியவர்கள். ஒரு வளையத்தை மாட்டி அவர்களுடைய திறமையையே பறித்துவிட்டாயே! சினிமாவில் பார்த்த குதிரையை எழுதுவதை என்னால் பொறுக்க முடியாது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. உன் போரில் யாரும் சாப்பிடவில்லை, யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. ரோமத் தளபதி வாரோவின் அகம்பாவத்தால் போர் மூண்டது என்று முடித்துவிட்டாய். வரலாற்றாசிரியர் லிவி அந்தப் பக்கம் சாய்வார், சரி. நீ பொலிபியஸையும் படித்தவன் ஆயிற்றே! கன்னேயில் ரோமர்களின் தானியம் இருந்தது. கனூசியம் வட்டாரத்துத் தானியத்தை அங்கே சேர்த்துவைத்து, தேவைப்படும்போது முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஹானிபல் வந்து பிடித்தது அந்த இடத்தைத்தான். போருக்கு முந்தைய நாள், அவுஃபிடஸ் ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போன ரோமர்களை நுமிடியர்கள் முகாம் வேலி வரை துரத்தினார்கள். ஆகஸ்ட் மாதம், அப்பூலியாச் சமவெளி. வெறுங்கையோடு ஓடிவந்தவனின் வறண்ட வாய் உன் அத்தியாயத்தில் எங்கே?

கணக்குப் போட்டுப் பார். பொலிபியஸ் தரும் அளவுப்படி காலாள் ஒருவனுக்கு மாதம் ஏறக்குறைய 26 கிலோ கோதுமை. 80,000 காலாட்கள் என்கிறார். நாளொன்றுக்கு 70 டன்னை நெருங்குகிறது! அதுவும் மாவாக அல்ல, மணியாக. சுமக்கக் கழுதை வேண்டும், கழுதைக்குத் தீவனம் வேண்டும், அரைக்கத் திருகை வேண்டும். சண்டைக்கு முன் ஒவ்வொரு நாளும் இத்தனை வேலை நடந்தாக வேண்டும்.

எனக்கு இது பழைய பித்து. இளவயதில் ஒரு பத்திரிகைக்கு அலீசியா முற்றுகையை எழுதினேன். கி.மு. 52. தானியம் தீர்ந்துகொண்டே வர, உள்ளே இருந்த கோல் தலைவன் வெர்சிஞ்சடோரிக்ஸின் ஆட்கள் அந்த ஊர்க்காரர்களையே பெண்டுபிள்ளைகளோடு வெளியே தள்ளினார்கள். எங்களை அடிமையாக்கிக்கொண்டு சோறாவது போடுங்கள் என்று அவர்கள் கெஞ்சியும், முற்றுகையிட்ட சீசர் ஏற்கவில்லை. அந்தப் பகுதி முழுவதையும் ஆசிரியர் வெட்டிவிட்டு, வாள்வீச்சை மட்டும் அச்சிட்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்த இதழைப் புரட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் உன் கடைசிப் பக்கம்! மறுநாள் காலையில், தாங்களே குழி தோண்டி, அதில் முகத்தைப் புதைத்து மூச்சை முடித்துக்கொண்ட ரோமர்கள் கிடக்கிறார்கள். லிவி ஒரு வாக்கியத்தில் கடந்துபோன இடம். நீ அங்கேயே நின்று, அவர்களின் நகக்கண்ணில் அடைத்திருந்த மண்ணை எழுதியிருக்கிறாய். போரைப் பற்றித் தமிழில் நான் படித்தவற்றில் இதற்கு ஈடாக ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது கபுவா என்று அறிவித்திருக்கிறாய். கி.மு. 211-இல் அந்த நகரைச் சூழ்ந்த ரோமர்களின் முற்றுகையை உடைக்க வந்த ஹானிபலால் அங்கே தங்க முடியவில்லை. சுற்றுவட்டாரத்துத் தீவனத்தை ரோமர்கள் முன்பே அழித்திருந்தார்கள். அத்தனை குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் தொலைவிலிருந்து கொண்டுவரவும் வழியில்லை. இதைப் பொலிபியஸே சொல்கிறார். அந்தக் குதிரைகளிலிருந்து அத்தியாயத்தைத் தொடங்கு. அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்