கூடையும் குடியிருப்பும்

அறுபத்து நான்கு கலைகளுள் இந்திரசாலமும் ஒன்று என்பர் நம் முன்னோர். மக்கள் அதனைச் செப்பிடு வித்தை என்றும் கண்கட்டு வித்தை என்றும் வழங்குவர். செப்பு என்பது சிமிழ் போன்ற சிறு கலம். அதனுள் பந்தை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டுவது செப்பிடு வித்தை. செப்பும் பந்துமின்றித் தம் உடலையே கருவியாகக் கொள்வோரும் உளர். மாணவர்களே! அவர்தம் திறத்தையும், அவர்கள் வாழ்ந்து இழந்த குடியிருப்பு ஒன்றின் வரலாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

வித்தைக்காரன் ஒருவன் தன் மணிக்கட்டை நீட்டி, நாடியைப் பார்க்குமாறு கூட்டத்தினர் ஒருவரை வேண்டுகின்றான். துடித்துக்கொண்டிருந்த நாடி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றுவிடுகின்றது! கூட்டம் திகைக்கின்றது. உண்மையில் அவன் அக்குளில் சிறு பந்து ஒன்று மறைந்திருக்கின்றது. கையை விலாவோடு சேர்த்து அழுத்துங்கால், கைக்குச் செல்லும் குருதிக்குழாய் நெருக்குண்டு, மணிக்கட்டில் துடிப்பு மறைகின்றது. இதயமோ எப்போதும்போல் இயங்கிக்கொண்டே இருக்கின்றது.

சென்னையில் 1830-ஆம் ஆண்டையொட்டி ஒருவர் நிலத்தைத் தொடாமல், ஒரு கையை மட்டும் கோலின்மேல் ஊன்றி, வெளியில் அமர்ந்து காட்டினார். ஆங்கில ஏடுகள் அவரைச் சேஷல் எனக் குறித்து வியந்தன. கோலிலிருந்து கைச்சட்டை வழியே சென்ற இரும்புச் சட்டம் ஆடைக்குள் மறைந்து அவர் உடலைத் தாங்கியது என்று பின்னர் விளக்கினர்.

இவற்றினும் புகழ்பெற்றது கூடை வித்தை. வாய் குறுகி வயிறு பெருத்த கூடை ஒன்றனுள் சிறுவன் புகுகின்றான். வித்தைக்காரன் கூடையின் பல பக்கங்களிலும் வாளைச் செருகுகின்றான். பார்ப்போர் நெஞ்சம் பதறுகின்றது. சிறிது நேரத்தில் சிறுவன் ஊறின்றி வெளிவருகின்றான். இதன் நுட்பம் யாது? சிறுவன் கூடையின் உட்சுவரை ஒட்டி வளையம்போல் உடலை வளைத்துக் கிடக்கின்றான். வாள் எவ்வழி வரும், எவ்வரிசையில் வரும் என்பதை அவன் நன்கு அறிவான். செருகுபவனுக்கும் அது கைவந்த கணக்கு. ஒருவன் தவறினும் மற்றவன் உயிர் போகும். ஆதலின் இது கண்ணை ஏய்க்கும் வித்தை மட்டுமன்று. ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையின் வித்தையுமாம். மறைபொருள் தெரிந்தபின் வியப்பு குறைவதில்லை, மிகுகின்றது.

இத்தகைய உடற்பயிற்சியை ஏட்டைப் படித்துப் பெறல் இயலாது. எலும்பு முற்றாத இளமையிலேயே, தந்தையும் தமையனும் செய்வதைக் கண்டு கண்டு பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகுவதற்கு உரிய இடமாய் விளங்கியது தில்லி மாநகரின் மேற்கே, ஷாதிப்பூரில் இருந்த கட்புதலிக் குடியிருப்பு. கட்புதலி என்பது மரப்பாவை எனப் பொருள்படும் இந்திச் சொல். இராசத்தானத்திலிருந்து வந்த பாவைக்கூத்தர் அங்கே முதலில் குடியேறினர். பின்னர் மாயவித்தைக்காரர், கழைக்கூத்தர், பாம்பாட்டிகள், முரசறைவோர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். ஒடுங்கிய சந்துகளும் ஒழுங்கற்ற வீடுகளுமே அவ்விடத்தின் புறத்தோற்றம். ஆயினும் ஒரு சந்தில் பாவைக்கு வண்ணம் தீட்டுவர். மறு சந்தில் முரசு முழங்கும். வேறொரு முற்றத்தில் சிறுவர் கூடைக்குள் உடலை ஒடுக்கப் பழகுவர். மதிற்சுவரும் மணியோசையும் இல்லாத கலைப்பள்ளி அது என்றால் மிகையாகாது.

அக்குடியிருப்பைச் சேர்ந்த இஷாமுதீன்கான், கயிறு தானே மேலெழுந்து நிற்கச் சிறுவன் அதில் ஏறும் வித்தையை 1995-இல் குதுப்மினார் அருகே வெட்டவெளியில் நிகழ்த்திக் காட்டிப் புகழ்பெற்றார். தில்லித் தெருக்கலைஞர் பலர் 1985-இல் வாஷிங்டன் நகருக்கு அழைக்கப்பெற்று, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விழாவில் தம் திறங்காட்டினர். கடல் கடந்த நாட்டில் கலைஞர் எனப் போற்றப்பட்ட இவர்களின் நிலை தாய்நாட்டில் என்னவாக இருந்தது? 1959-ஆம் ஆண்டின் பம்பாய் இரவலர் தடைச்சட்டம் தில்லியிலும் நடைமுறையில் இருந்தது. பொதுவிடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ பொருள் பெறுவதையும் அது இரத்தல் என்றே வகுத்தது. ஆதலின் தெருவில் கூடையைத் திறந்தவனும் சிறைக்கு அஞ்ச வேண்டியவனானான்.

தில்லி வளர்ச்சிக் குழுமம் அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுப்புமாறு 2009-இல் தனியார் கட்டட நிறுவனம் ஒன்றனோடு ஒப்பந்தம் செய்தது. நல்ல வீடு கிடைக்கும் என்று சிலர் உடன்பட்டு இடைக்கால முகாமுக்குச் சென்றனர். நெடிய பாவைகளையும் கழைகளையும் மாடி அறைகளில் எங்ஙனம் வைப்பது, சுற்றம் சிதறினால் தொழில் என்னாவது என்று பலர் அஞ்சி மறுத்தனர். ‘நாளை நாம் மறைந்துவிடுவோம்’ எனப் பொருள்படும் பெயருடைய ஆவணப்படம் ஒன்று 2014-இல் வெளிவந்தது. பாவைக்கூத்தர் ஒருவர், மாயவித்தைக்காரர் ஒருவர், கழைக்கூத்துப் பெண் ஒருத்தி ஆகிய மூவரின் வாழ்வினூடே அது அச்சந்துகளின் நினைவைக் காத்து வைத்துள்ளது. 2017 அக்டோபர் இறுதியில் குடியிருப்பு இடிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேதான், 2018 ஆகஸ்டில், இரத்தலைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகள் தில்லியில் செல்லாதவை எனத் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைஞனுக்குத் தெரு திறந்தது. அவன் பழகிய முற்றமோ அதற்குமுன்பே மறைந்துவிட்டது.

ஒழுகாத கூரையும் தூய நீரும் எளியவர்க்கு வேண்டுவனவே. அவற்றை மறுப்பார் இலர். ஆனால், வீடு வேறு, ஊர் வேறு. செங்கல்லும் சாந்தும் கொண்டு வீட்டை ஓராண்டில் கட்டிவிடலாம். வாளைச் செருகுபவனுக்கும் கூடைக்குள் கிடப்பவனுக்கும் இடையே உள்ள நம்பிக்கை, பலர் கூடிப் பல்லாண்டு வாழ்ந்த இடத்தில் மட்டுமே விளைவது. வித்தைக்காரன் மறைத்த சிறுவனை மீண்டும் நம் கண்முன் நிறுத்துவான். மறைந்த ஊரை மீட்கும் வித்தை அவனுக்கும் தெரியாது. ஆகவே, மாணவர்களே! தெருமுனையில் ஒருவன் துணியை விரித்துக் கூடையைத் திறக்கக் கண்டால், அவனை இரவலன் என்று எண்ணாதீர்கள். கற்றவன் ஒருவன்முன் நிற்கின்றோம் என்று எண்ணி நில்லுங்கள்.